பேத்தியைக் கனடாவுக்குக் கேட்கப் போனேன்

எனக்கு எழுபத்தொன்பது வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. மற்ற இரண்டும் என் தம்பியின் பிள்ளைகள். அவனும் மனைவியும் போன பிறகு என் அடுப்படியிலேயே வளர்ந்தார்கள். ஏழு பேரில் ஒருவரும் சோடை போகவில்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பிறகு நான் ஜேர்மனியில் ஆடிய கூத்தைக் கேட்டுவிட்டு, இந்தக் கிழவிக்குப் பிள்ளை வளர்ப்பைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு மட்டும். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். எனக்கு அவசரம் இல்லை. உங்களுக்கு அவசரமென்றால் பிறகு வாருங்கள்.

நான் இருப்பது கனடாவில், ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில், மூத்த மகன் ரஞ்சனோடு. கடைசி மகள் கலா ஜேர்மனியில், டார்ம்ஸ்டாட்டில் இருக்கிறாள். கலாவுக்கு ஒரே பிள்ளை, ஆரணி. வயது பத்தொன்பது. நேர்ஸ் ஆவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். டார்ம்ஸ்டாட் ஆஸ்பத்திரி ஒன்று, "வா, மூன்று வருடம் வார்டில் வேலை செய்துகொண்டே பழகு, சம்பளமும் தருகிறோம்" என்கிறது. அதற்கு இவர்கள் அவுஸ்பில்டுங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கனடாவில் ஒரு பல்கலைக்கழகம், "வா, நாலு வருடம் படி, பட்டம் தருகிறோம்" என்கிறது. அதற்கு விண்ணப்பம் போட வைத்தது ரஞ்சன். இரண்டு இடத்துக்கும் ஒரே திங்கட்கிழமைக்குள், நான் போய் இறங்கி ஒன்பதாம் நாளுக்குள், பதில் சொல்ல வேண்டும். பிள்ளை ஓரிடத்துக்கும் இன்னும் பதில் போடவில்லை.

"அம்மா, நீங்கள் போனால்தான் சரி. உங்களுக்கு முன்னாலை அவள் ஏலாது எண்டு சொல்லமாட்டாள்" என்று ரஞ்சன் என்னை ஏற்றிவிட்டான்.

அவன் வீட்டு மாடிப்படிச் சுவரில் என் பேரப்பிள்ளைகள் கறுப்பு அங்கியும் தொப்பியுமாக வரிசையாகத் தொங்குகிறார்கள். ஆரணிக்கும் ஒரு ஆணி அடித்தாயிற்று. படி ஏறும்போதெல்லாம் அந்த வெறும் ஆணி என்னைப் பார்க்கும்.

பிராங்பேர்ட் விமான நிலையத்தில் ஒரு துருக்கிக்காரி என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளி வந்தாள். சொகுசான பயணம். வாசல் கண்ணாடிக்கு அப்பால் கலாவும் மருமகனும் நிற்பது தெரிந்ததும் எனக்கு ரோசம் வந்துவிட்டது. மருமகன் முன்னால் நாற்காலியில் போய் இறங்குவதா? எழுந்தேன், சேலையை உதறினேன், விறுவிறுவென்று நடந்தேன். துருக்கிக்காரி வெறும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, என் கைப்பையைத் தூக்கிக் காட்டிக் கத்திக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள். மருமகன் அதே விமான நிலையத்தில்தான் பெட்டி ஏற்றுகிற வேலை. அவருடைய கூட்டாளிகள் எல்லாரும் பார்த்துச் சிரித்தார்கள்.

"மாமி, உங்களுக்கு நடக்கேலுமெண்டால் கதிரை ஏன்?"

"நடக்கேலும். வரிசையிலை நிக்கத்தான் ஏலாது" என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் கலா வைத்த பாணை, இந்த ஊர்க் கல்லு ரொட்டியை, மேசையில் தட்டிப் பார்த்தேன். யாரோ கதவு தட்டுகிறார்கள் என்று மருமகன் எழும்பிப் போனார். இந்தப் பாணை இறக்க ஒரு சம்பலாவது வேண்டும், அதற்கு முதல் ஒரு ரசம் வேண்டும் என்று சின்ன உரலில் மிளகை இடித்தேன். இப்போது உண்மையாகவே கதவு தட்டினார்கள். கீழ் வீட்டு ஜேர்மன் கிழவி. என்னைவிட இரண்டு வயது கூட இருப்பாள். முத்து மாலை போட்டு, தலை வாரி, சண்டைக்கு ஆயத்தமாக வந்திருந்தாள். அவள் சொன்னதை ஆரணி எனக்குச் சொன்னாள்: "இன்று ஞாயிறு. ஞாயிறு இடிக்கக் கூடாது."

ஸ்காபரோவில் ரஞ்சன் ஞாயிற்றுக்கிழமையில்தான் சுவரே உடைப்பான். அதை இவளுக்கு யார் விளங்கப்படுத்துவது? உரலை எடுத்து வைத்தேன். திங்கட்கிழமை காலை அதே கிழவியைப் படியில் கண்டேன். சிரிக்கவில்லை. "இன்று இடிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். கனடாவில் காலை மிதித்தவனும் மிதிபட்டவனும் சேர்ந்து மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை, சட்டம் சொல்கிறார்கள். வாகனமே இல்லாத ஒரு ரோட்டில் சிவப்பு விளக்கைக் கணக்கெடுக்காமல் நான் கடந்தபோது, பின்னால் ஒருவர் குரல் கொடுத்தார். "பிள்ளைகள் பார்க்கிறார்கள்!" என்றாராம். திரும்பிப் பார்த்தேன். ஒரு பிள்ளையும் இல்லை. ஒரு நாய்தான் பார்த்துக்கொண்டிருந்தது, அதுவும் சிவப்புக்கு நின்றபடி.

திங்கள் இரவு என் மாத்திரைப் பெட்டி விஷயம் நடந்தது. ஒரு கிழமைக்கான ஏழு நாள் மாத்திரைகளையும் ஆரணி எடுத்து அறை அறையாகப் போட்டாள். போட்டு முடித்தவள் மூடவில்லை. தாயைக் கூப்பிட்டாள்.

"அம்மா, வந்து பாருங்கோ."

"நீ போட்டாச்சுத்தானே? மூடு."

"ஏலாது. நாலு கண் பாக்கோணும்."

அவள் ஆஸ்பத்திரியில் சில மாதம் வார்டுப் பழக்கத்துக்குப் போனவள். அங்கே பெரிய மருந்து எதையும் ஒருத்தி தனியே கொடுக்க முடியாதாம். ஒருத்தி எடுக்க, இன்னொருத்தி பார்க்க வேண்டும். இரண்டு பேர், நாலு கண்.

"எனக்கு மூக்குக்கண்ணாடியோடை சேத்தால் நாலு கண் இருக்கு. நானே பாக்கிறன்" என்றேன்.

"நோயாளியின்ரை கண் கணக்கில்லை அம்மம்மா" என்றாள். கலா வந்து பார்த்துத் தலையாட்டின பிறகுதான் பெட்டியை மூடினாள். சரியான வில்லங்கம் பிடித்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கிழமை முழுக்க நான் வந்த அலுவலைப் பார்த்தேன். சந்தைக்குப் போகிற வழியில் கனடாவைப் புகழ்ந்தேன். டிராமில் வைத்துப் புகழ்ந்தேன். தலைக்கு எண்ணெய் வைக்கும்போதும் விடவில்லை. பட்டம் என்றால் பட்டம், வேலை பழகுவது என்றால் வேலை பழகுவது, இரண்டும் ஒன்றா என்று கேட்டேன். அவள் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தாள்: "பாப்பம் அம்மம்மா." அடுப்படியில் கலா சட்டி மூடிகளை ஓங்கி வைக்கிற சத்தம் கேட்கும். கலாவுக்கு மகள் டார்ம்ஸ்டாட்டை விட்டுப் போகக் கூடாது. என்னிடம் நேரே சொல்ல மாட்டாள், மூடியிடம்தான் சொல்லுவாள்.

இது வைகாசி மாதம். ரோட்டோரமெல்லாம் சின்னக் கடை போட்டு வெள்ளைத் தடி விற்கிறார்கள். ஸ்பார்கல் என்று பெயர். வெயில் படாமல் மண்ணை மூடி வளர்த்து எடுக்கிறார்களாம். அதை உப்புத் தண்ணீரில் அவித்து, மேலே மஞ்சள் கூழ் ஊற்றி, பூசையில் இருப்பது போலப் பேசாமல் சாப்பிடுகிறார்கள். நான் வெந்தயமும் பச்சைமிளகாயும் தேங்காய்ப்பாலும் விட்டுப் பால்கறி வைத்தேன். மருமகன் மூன்று தரம் சோறு போட்டார். கீழ் வீட்டுக் கிழவிக்கும் ஒரு கிண்ணம் கொடுத்து அனுப்பினேன். கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொண்டுவந்தவள் சொன்னாளாம்: "நல்ல ருசி. ஆனால் உள்ளே ஸ்பார்கல் எங்கே என்று தெரியவில்லை."

வியாழன் வந்தும் பிள்ளை அசையவில்லை. கடைசியில் நான்தான் சொன்னேன், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவோம், பூக்கட்டிப் பார்ப்போம் என்று. எங்கள் ஊரில் கலியாணம், காணி, ஒப்பரேஷன் எதுவானாலும் முடிவு வராவிட்டால் இதுதான் வழி. ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. தனித்தனியே தாளில் சுற்றி சுவாமி காலடியில் வைத்து, கும்பிட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் கனடா, பனி நிறம். சிவப்பு வந்தால் டார்ம்ஸ்டாட். கலா உடனே ஓமென்றாள். முருகன் தன் பக்கம் என்று அவளுக்கு எப்போதும் ஒரு நினைப்பு. ஆரணி கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி. முருகன் சொன்னால் எல்லாரும் கேப்பியளோ?" என்று தாயைப் பார்த்துக் கேட்டாள். "கேப்பன்" என்றாள் கலா.

கலாவுக்கு வேலை. நானும் ஆரணியும் ரயிலில் பிராங்பேர்ட் போனோம். கோயில் ஒரு தொழிற்சாலைப் பகுதியில், டயர் கடைக்கும் குளியலறை ஓடு விற்கிற கடைக்கும் நடுவில் இருக்கிறது. வெளியே டயர் நாற்றம், கதவைத் திறந்தால் கற்பூரம். போகிற வழியில் ஒரு வெள்ளைச் செவ்வந்திக் கட்டும் ஒரு சிவப்பு ரோசாவும் வாங்கியிருந்தோம். பூவைச் சுற்றுகிறேன் என்று நான் செருப்பு வைக்கிற இடத்தில் ஒதுங்கினேன்.

சுற்றினேன். இரண்டிலும் வெள்ளையைச் சுற்றினேன். ரோசாவைக் கோட்டுப் பைக்குள் விட்டேன். முருகனுக்கு எத்தனையோ வேலை, நான் கொஞ்சம் கைகொடுத்தேன், அவ்வளவுதான்.

ஐயர் இரண்டு பொட்டலத்தையும் தட்டில் வாங்கி வைத்து, தீபம் காட்டினார். "பிள்ளை, ஒண்டை எடும்" என்றார். ஆரணி கண்ணை மூடி எடுத்து விரித்தாள். வெள்ளை. நான் "முருகா!" என்று சத்தமாகக் கும்பிட்டேன். கொஞ்சம் கூடுதலான சத்தம்தான். ஆரணியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைக் கண்டேன். வந்த வெளிச்சம் அப்படியே நிற்க, அவள் கை மற்றப் பொட்டலத்துக்குப் போனது.

"அதைத் திறக்கிற வழக்கம் இல்லைப் பிள்ளை" என்றார் ஐயர்.

"வார்டிலை வெறும் போத்திலையும் மற்ற ஆளுக்குக் காட்டித்தான் எறியிறது ஐயா. நீங்களும் பாருங்கோ. நாலு கண்."

அதுவும் வெள்ளை.

ஐயர் தட்டைப் பார்த்தார். பிறகு என் கோட்டுப் பையைப் பார்த்தார். ரோசாவின் தலை வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏனம்மா, முருகனுக்குச் சொய்ஸே குடுக்கேல்லையோ?" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஐயரும் சிரித்தார். ஆரணி சிரிக்கவில்லை. வெளிச்சம் போய்விட்டது.

திரும்பும்போது ரயிலில் ஆரணி எனக்கு எதிர்ப்பக்கம் போய் இருந்தாள். நடு வழியில், வயலுக்குள், ரயில் நின்றுவிட்டது. தண்டவாளத்தில் யாரோ நடக்கிறார்களாம், அவர்களைப் பிடிக்கும் வரை போகாதாம். பெட்டி முழுக்க ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டது. பக்கத்தில் சைக்கிளோடு நின்ற கிழவர் ஒருவர் ஏதோ சொன்னார். கோபத்திலும் ஆரணி மொழிபெயர்த்தாள்: "என் கலியாணத்தன்றும் இதே ரயிலில்தான் வந்தேன். அன்றைக்கு மட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது." எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"ஏன் அம்மம்மா இப்பிடிச் செய்தனீங்கள்?"

"நீ பட்டம் எடுக்கோணும் எண்டுதான்" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். நாலு கண் பார்வை. நான் மெதுவாகச் சொன்னேன்: "நீ ரஞ்சன் வீட்டிலை இருந்து படிப்பாய். பின்னேரம் வந்தால் நான் சோறு போட்டுத் தருவன். அங்கை எல்லாரும் வேலைக்குப் போனால் நானும் டிவியும்தான் பிள்ளை."

ஆரணி ஃபோனை எடுத்து வரைபடத்தைக் காட்டினாள். "இது ஸ்காபரோ." விரலால் தள்ளினாள். தள்ளினாள். ஏரி போனது, காடு போனது, இன்னும் தள்ளினாள். "இதுதான் என்ரை பல்கலைக்கழகம். சஸ்காட்சுவான் மாகாணம். ரொறன்ரோவிலை இருந்து பிளேனிலை போகோணும். மாமா ரொறன்ரோவிலை கேட்ட இடமொண்டிலையும் வெளிநாட்டுப் பிள்ளையளுக்கு இந்தப் படிப்புக் கிடைக்கேல்லை. உங்களுக்குச் சொல்லேல்லையே?"

சொல்லவில்லை. கனடாவில் இடம் கிடைத்தது என்றான், நானும் எங்கள் ரோட்டு முனையில் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் ஆட்களுக்குக் கனடா என்றால் ஸ்காபரோதானே. அதற்கு அப்பால் நாடு இருக்கிறதென்று யார் கண்டது?

"அங்கை என்ன இருக்கு?"

"கோதுமை. பனி."

"அப்ப வேண்டாம்" என்றேன் உடனே. "டார்ம்ஸ்டாட்டிலேயே இரு. சம்பளத்தோடை படிக்கிறதும் நல்லதுதான்."

ஆரணி இப்போதுதான் சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை. "பட்டம் எங்கை போச்சு அம்மம்மா? இப்பதானே கோயிலிலை முருகனையே ஏமாத்தினீங்கள் அதுக்காக." பிறகு ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்: "மாமா கேட்டவர் கனடாவோ எண்டு. அம்மா கேட்டவ டார்ம்ஸ்டாட்டோ எண்டு. நீங்கள் முருகனிட்டைக் கேட்டனீங்கள். என்ன விருப்பம் எண்டு என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை."

ரயில் நின்றபடியே நின்றது. ஏழு பேரை வளர்த்தவள் நான். கேட்டேன்.

"சரி. உனக்கு என்ன விருப்பம்?"

"அங்கை போகத்தான்."

"கோதுமைக்குள்ளையோ?"

"அங்கை எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை. அதுதான் எனக்குப் பிடிச்சது."

பிறகு கொட்டினாள். வார்டில் பழகப் போன காலத்தில் ஒரு தமிழ் ஐயா நோயாளியாகக் கிடந்தாராம். இவள் உடம்பு துடைக்கப் போக, வேண்டாம் என்றாராம். அது பரவாயில்லை, அவர் உடம்பு. ஆனால் அன்று இரவே அவருடைய வீட்டாரிடமிருந்து ஆரணியின் தகப்பனுக்கு ஃபோன். "உங்கட மகள் ஆம்பிளையளைத் துடைக்கிறாளாம், தெரியுமோ?" அதற்குப் பிறகு கோயிலில் ஒருத்தி, கடையில் ஒருத்தி. தகப்பன் இவளை ஏசவில்லை, ஆனால் ஒரு கிழமை தலை குனிந்து திரிந்தாராம்.

"அங்கையெண்டால் நான் ஆரையும் துடைக்கலாம், ஆரையும் தூக்கலாம். ஒருத்தரும் அப்பாவுக்கு ஃபோன் எடுக்கமாட்டினம். படிப்பும் நல்ல படிப்பு. நான் போன மாதமே ஓமெண்டு பொத்தானை அமத்தியிருப்பன். அம்மாவை விட்டிட்டு ஓடுறன் எண்டு அம்மா நினைப்பா. அதாலைதான் பூவுக்கு ஓமெண்டனான். வெள்ளை வந்தால் முருகன் சொன்னவர் எண்டு அம்மாவுக்குச் சொல்லலாம். இப்ப அதுவும் கெட்டுப்போச்சு. நான் பொய் சொல்லமாட்டன். இனி அம்மாவுக்கு ஆர் சொல்லுறது?"

அவளுக்கு வெள்ளை வேண்டும். எனக்கும் வெள்ளை வேண்டும். நான் கையை வைக்காமல் இருந்திருந்தால் அரைவாசிக்கு அரைவாசி வாய்ப்பாவது இருந்திருக்கும். நான் வந்து முருகனையும் கெடுத்தேன்.

"நான் சொல்லுறன்" என்றேன். ரயில் ஒரு குலுக்குக் குலுக்கிப் புறப்பட்டது.

வீட்டில் கலா அந்த வெள்ளைத் தடிகளைச் சீவிக்கொண்டிருந்தாள். "என்ன பூ?" என்றாள் நிமிராமல். ரோசாவை எடுத்து மேசையில் வைத்தேன். அவள் முகம் மலர்ந்தது. பிறகு நடந்ததை முழுக்கச் சொன்னேன். முகம் மாறியது.

"உங்களுக்கு வெக்கமில்லையே அம்மா? கடவுளுக்கு முன்னாலை!"

"வெக்கம் இருக்கு. அது பிறகு. பிள்ளை அங்கை போகட்டும் கலா."

"நீங்கள் அதுக்குத்தானே வந்தனீங்கள்."

"நான் வந்தது என்ரை பக்கத்திலை வைச்சிருக்க. இவள் போற இடத்திலை நானும் இல்லை, ரஞ்சனும் இல்லை. எனக்கொரு லாபமும் இல்லை. இருந்தும் போகட்டும் எண்டிறன்."

"தனியவோ? அந்தப் பனிக்குள்ளையோ?"

"நீயும் பத்தொன்பதிலை தனியத்தான் இந்தப் பனிக்குள்ளை வந்தனி."

கலாவின் கத்தி நின்றது. "எனக்கு வேறை வழியிருந்ததோ அம்மா?" என்றாள்.

"இல்லை. இவளுக்கு இருக்கு. இருந்தும் விரும்பிப் போறாள். அது எவ்வளவு வடிவு!"

அன்று ஒரு மூடியும் சத்தம் போடவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மருமகன் வேலை முடிந்து வந்து, மகள் போகிற கதையை மட்டும் கேட்டு, கோட்டைக் கழற்றாமலே நின்றார். பிறகு மகளிடம், "அங்கை பனிக்குக் காலுக்கு நல்ல சப்பாத்து வேணும். நானும் வாறன் வாங்க" என்றார். அவர் அவ்வளவுதான் பேசுவார்.

சனிக்கிழமை காலை ஆரணி ஃபோனைக் கொண்டுவந்து அடுப்படியில் நின்றாள். பச்சைப் பொத்தான் ஒன்று தெரிந்தது. அதை அமத்தினால் முடிந்தது.

"அம்மா, நீங்களும் பாருங்கோ. நீங்கள் பாக்காமல் நான் அமத்தமாட்டன்."

கலா கையைத் துடைத்தாள். கண்ணைத் துடைத்தாள். ஃபோனை வாங்கி, மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக வாசித்தாள். நீண்ட நேரம் வாசித்தாள். "பேர் சரியா எழுதியிருக்கினம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். ஆரணி அமத்தினாள்.

ஞாயிறு ரஞ்சன் ஃபோன் எடுத்தான். ஆணிக்கு ஆள் கிடைத்த சந்தோசம் அவனுக்கு. எவ்வளவு தூரம் என்று எனக்கு ஏன் சொல்லவில்லை என்று முதலில் நன்றாக ஏசினேன். வாங்கிக்கொண்டு, உடனே குரலை மாற்றினான். "அம்மா, யோசிக்காதேங்கோ. விசாரிச்சுப் போட்டன். அங்கை எங்கட ஊர்ப் பெடியன் ஒருத்தன் கடை வைச்சிருக்கிறான். அவன்ரை மனிசி நல்ல பிள்ளை. ஆரணியை ஒரு கண் பாத்துக்கொள்ளச் சொல்லி இண்டைக்கே..."

"ரஞ்சன்," என்றேன். "அந்தக் கடைக்கு ஃபோன் எடுத்தியெண்டால், நான் உன்ரை வீட்டுக்குத் திரும்பி வரமாட்டன். இஞ்சையே இருந்து ஒவ்வொரு ஞாயிறும் மிளகு இடிப்பன்."

"ஏனம்மா?"

"அவளை ஒருத்தரும் பாக்க வேண்டாம். அவள் மற்றவையைப் பாப்பாள்."

ஆரணி கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வந்து என் மாத்திரைப் பெட்டியை எடுத்து அடுத்த கிழமைக்கு நிரப்பத் தொடங்கினாள். நிரப்பி முடித்து என் பக்கம் நீட்டினாள். "இந்த முறை நீங்களே பாருங்கோ" என்றாள்.

இவ்வளவையும் அவளுடைய மேசையில் இருந்துதான் எழுதினேன். பிள்ளை ஆரணி, இந்தா, இதை எனக்கு முதலிலிருந்து வாசித்துக் காட்டு. எழுதினது என் கண், வாசிக்கிறது உன் கண். இரண்டு வெள்ளைப் பூ வருகிற இடத்தைத் தாண்டிப் போகாதே, உள்ளது உள்ளபடி வாசி. ஆனால் குரலைக் கொஞ்சம் இறக்கி வாசி. உன் தகப்பன் அடுத்த அறையில் இருக்கிறார், நான் அவருக்கு மாமி.